மேல்வீட்டுக்கு வேறு மீற்றர்

புயல் வரப்போகிறதென்று வானொலி முதன்முதலாகச் சொன்ன அன்று என் கணவர் தியாகலிங்கம் இறந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அவர் இருந்திருந்தால் அந்தச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார். இப்படி எழுதுவது நன்றாயில்லைத்தான். ஆனால் ஒரு மனிதர் இருபது வருடமாக ஒரு விருந்தாளிக்காக வீட்டை ஆயத்தம் செய்துவைத்துக் காத்திருந்தால், அந்த விருந்தாளி புறப்பட்டுவிட்டான் என்று கேள்விப்படும்போது வேறென்ன தோன்றும்?

எங்கள் வீடு பருத்தித்துறையில், கடலோரத் தெருவிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் மூன்றாவது. சுனாமி வந்த அன்று இந்த ஒழுங்கையில் ஏறி நிற்பதற்கு உயரமான இடம் ஒன்றுகூட இருக்கவில்லை. ஏழு பேர் போனார்கள். அவருடைய தாய் அதில் ஒருவர். அடுத்த வருடமே அவர் மேல்வீடு கட்டத் தொடங்கினார். கீழ்வீட்டுக்குக் கதவு போடாமல், பூச்சுப் பூசாமல், மேலே ஒரு பெரிய கூடமும் இரண்டு அறையும் எழும்பின. படியை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே வளவிலிருந்து வைத்தார். நடக்க ஏலாதவர்களைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஏறும் அளவுக்கு அகலம். அந்த அகலத்தை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், என்னைக் கதிரையில் இருத்தி இரண்டு மேசன்மாரைக் கொண்டு தூக்குவித்துப் பார்த்தார். ஒழுங்கை முழுவதும் வேலியால் எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் மழை பெய்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். "கடல் எழும்பினால் ஒருத்தரும் யோசியாதேங்கோ. நேரை என்ரை மேல்வீடு." எல்லோரும் ஓம் ஓம் என்பார்கள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனதும் சிரிப்பார்கள். 'தியாகண்ணையின்ரை கப்பல்' என்று அதற்குப் பெயர். கடல் எழும்பவில்லை. கப்பலில் கலியாணத்துக்கு வந்த விருந்தினர்கள் படுத்தார்கள், பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். அவர் மட்டும் வருடாவருடம் தண்ணீர்க் கேன்களைக் கழுவி நிரப்பி, பிஸ்கட் தகரங்களை மாற்றி, கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஐப்பசியில் மழை பிந்தியது. ஒரு காலை விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு தேத்தண்ணி கேட்டார். தேத்தண்ணியோடு நான் வந்தபோது அவர் இல்லை. நாற்பது வருடம் கடல் தொழில் செய்தவருக்குச் சாவு கதிரையில் வந்தது.

எங்கள் வழக்கத்தில் ஒருவர் இறந்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யும்வரை துடக்கு, அதாவது தீட்டு. அதுவரை அயலவர் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. வந்து போனால் தலை முழுகுவார்கள். விரதகாரர் வேலிக் கதவான படலையைத் தாண்டுவதில்லை. பிள்ளை வயிற்றிலிருப்பவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. கார்த்திகை மாதத்திலோ எங்கள் ஒழுங்கையில் விரதம் பிடிக்காதவை பூனைகள் மட்டுந்தான். ஆக, ஊரை ஏற்றவென்று கட்டிய வீட்டை, ஊருக்கு அது தேவைப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாக, அவர் தம் சாவினாலே பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு அந்த வாரம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டு இரத்தினமக்காவின் மருமகள் தனுசியாவுக்கு எட்டு மாதம். அவர்களுடைய வீடு ஒழுங்கையோடு ஒட்டிய தரை, தகரக் கூரை. கடல் வரும்போது அந்தப் பிள்ளை என் மேல்வீட்டில் இருக்கவேண்டும். வேறு யார் வந்தாலும் வராவிட்டாலும் அவள் வரவேண்டும். அவர் கட்டியது வீணாகிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி நினைத்தேனா, அவளுக்காகத்தான் நினைத்தேனா என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

*

திங்கட்கிழமை காலை படகுகளைக் கரைக்கு ஏற்றத் தொடங்கினார்கள். எங்கள் ஒழுங்கையில் பலமுள்ள ஆண்கள் அத்தனை பேரும் இந்த வருடம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார்கள். கறுப்பு வேட்டி, கழுத்தில் மணி, வெறுங்கால். மீன் பிடிப்பார்கள், விற்பார்கள், தின்னமாட்டார்கள். மாலை போட்டவரைப் பெற்ற தாயும் 'சாமி' என்றுதான் கூப்பிடவேண்டும். இரத்தினமக்கா தன் மகன் கிருஷாந்தை அப்படியே கூப்பிட்டாள்.

"சாமி, உதிலை எருமை மாதிரி நில்லாமல் கயித்தைப் பிடி சாமி!"

"பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன் அம்மா."

"சாமிக்கு வாய் கூடிப்போச்சு."

எங்கள் படகின் முறை வந்தபோது வேலை நின்றது. இறந்தவரின் படகு. தொட்டால் மாலைக்கு என்னவாகும்? கிருஷாந் வேலிக்கு அப்பால் நின்று என்னிடமே கேட்டான்.

"அன்ரி, படகுக்கும் துடக்கிருக்கோ?"

"படகு அழேல்லைத் தம்பி. எனக்குத் தெரியாது."

சாமிமார் கூடிக் கதைத்தார்கள். கடலுக்குத் துடக்கில்லை, ஆகையால் தண்ணீரில் நிற்கும்வரை படகுக்கும் இல்லை என்று ஒருவர் சொன்னார். அப்படியென்றால் கரைக்கு வந்தவுடன் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் நீளக் கயிற்றின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் நின்று கட்டி, மறுநுனியை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் கொளுவி இழுத்தார்கள். "மெசின் மாலை போடேல்லைத்தானே" என்றான் கிருஷாந். படகு பறக்காமலிருக்க எல்லாப் படகுக்குள்ளும் கடல்நீரை அள்ளி நிரப்பினார்கள். எங்கள் படகுக்குள் மட்டும் தூரத்தில் நின்று வாளியால் வீசினார்கள். வீசியதில் பாதி ஒருவர்மேல் ஒருவர் பட்டது.

பழைய வலைகளைக் கூரைகளுக்கு மேலால் போர்த்து நாலு மூலையிலும் கல்லில் கட்டினார்கள். இரத்தினமக்கா தன் கூரைக்கு இரண்டு வலை போடுவித்தாள். ஒன்று காற்றுக்கு, மற்றது மனத்திருப்திக்கு.

பத்து மணிபோல எங்கள் கிராம அலுவலரான விதானையார் குடையோடு வந்தார். என் படலைக்கு வெளியே நின்று பட்டியலை விரித்தார்.

"உங்கடை வீடுதான் முதலாவது அம்மா. பாதுகாப்பான மாடிவீடு. ஐயாதான் வந்து எழுதுவிச்சவர், நாற்பது பேர் தங்கலாமெண்டு."

"எத்தினை பேர் வருகினமாம்?"

அவர் ஒழுங்கையின் அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைவரை பார்த்தார். "நான் பட்டியலைத்தானே குடுக்கலாம் அம்மா."

"உள்ளுக்கு வந்து ஒருக்கா மேல்வீட்டைப் பாத்திட்டுப் போங்கோவன்."

"இண்டைக்கு எனக்குச் சோமவார விரதம்…" என்றவர் குடையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டார். பாதுகாப்பான இடம் 'உண்டு' என்ற கட்டத்தில் ஓர் அடையாளம் போட்டுவிட்டு, அந்த இடத்துக்குள் கால் வைக்காமலே அடுத்த ஒழுங்கைக்குப் போனார்.

மத்தியானம் சம்பந்தி கேதீஸ்வரன் தென்மராட்சியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். என் ஒரே மகள் கோபிகாவை அவருடைய மகன்தான் கட்டியிருக்கிறார். மீசாலையில் வயலும் வாழைத்தோட்டமும் உள்ள குடும்பம். அவர்களும் அங்கே புயலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். காற்றுப் பிடிக்காமலிருக்க வாழை இலைகளையெல்லாம் வெட்டிவிட்டார்களாம். முற்றாத குலைகளையும் இறக்கியாயிற்றாம். நெல்மூட்டைகள் மேசைக்கு மேலே ஏறிவிட்டனவாம்.

"மச்சாள், கடலுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு என்ன செய்யப்போறியள்? வெளிக்கிட்டு இஞ்சை வாங்கோ. இஞ்சை கடலெண்டால் படத்திலைதான்."

"அவருக்கு ஏத்தின விளக்கை விட்டிட்டு எப்பிடி வாறது? இன்னும் அந்தியேட்டி முடியேல்லை."

மறுமுனையில் தொண்டையைச் செருமினார். துடக்கு என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"அதுக்கென்ன. மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலை உரம் வைக்கிற அறை ஒண்டிருக்கு. புது அறை. வலு வசதி. தனியவும் இருக்கும்."

நான் நன்றி சொன்னேன். கோபிகா போனை வாங்கி "அம்மா, வாங்கோ" என்று அழுதாள். மாமனாரின் உர அறையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் வேலிக்கரையில் இரத்தினமக்காவைப் பிடித்தேன். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், வேலிக்குத் துடக்கில்லை.

"அக்கா, தனுசியாவை என்ரை மேல்வீட்டிலை கொண்டுவந்து விடுங்கோ."

"எடி, உனக்கென்ன விசரோ? எட்டு மாசப் பிள்ளைத்தாச்சியைச் செத்தவீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுறாய்."

"செத்தவீட்டுக்கில்லை. மேல்வீட்டுக்கு."

"மேல்வீடு ஆரின்ரை வீட்டுக்கு மேலை நிக்குது?"

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "நீ குறை நினையாதை. தியாகு எனக்குத் தம்பி மாதிரி. ஆனால் இது எங்கடை முதல் பேரப்பிள்ளை. புதன்கிழமை காலமை ஏழு மணிக்கு ஓட்டோ சொல்லிக்கிடக்கு. நெல்லியடியிலை தம்பி வீட்டை போயிடுவம். புயல் புதன் பின்னேரம்தானாம் வருது."

"புயலுக்கு நேரம் தெரியுமோ அக்கா?"

"வானொலியிலை சொன்னவங்கள்" என்றாள், வானொலிக்காரர் புயலுக்கும் சொல்லியிருப்பார்கள் என்பதுபோல.

அவளுக்குப் பின்னால் கதவு நிலையில் தனுசியா நின்றாள். என்னைப் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஒரு மாதத்துக்கு முன்புவரை வாரத்தில் மூன்று நாள் என்னிடம் வந்து புத்தகம் வாங்கிக்கொண்டு போனவள்.

*

புதன்கிழமை இருபத்தொன்பதாம் நாள். புயல் வானொலி சொன்ன நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. விடியும்போதே காற்று வந்துவிட்டது. ஏழு மணிக்கு வரவேண்டிய ஓட்டோக்காரன், சந்தியில் வேம்பு விழுந்து கிடக்கிறது, வர ஏலாது என்று சொல்லிவிட்டுப் போனை நிறுத்திவைத்தான். ஊர்ச்சனம் தங்கவென்று ஒதுக்கிய பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை பள்ளம். அங்கே முதல் நாள் மழைவெள்ளமே இடுப்பளவு நின்றது. ஒன்பது மணிக்குக் கடல் தெருவைத் தாண்டியது. அலையாக வரவில்லை. தெருவுக்கு மேலால் வழிந்து, வழி விசாரிப்பதுபோல ஒழுங்கைக்குள் மெல்ல இறங்கியது.

பத்து மணிக்குள் என் படலைக்கு வெளியே இருபத்துமூன்று பேர் நின்றார்கள். தலையில் பொலித்தீன், கையில் பை, கணுக்காலில் தண்ணீர். ஒருவரும் உள்ளே வரவில்லை. ஒருவரும் போகவும் இல்லை.

"வாங்கோவன் உள்ளுக்கு" என்று விறாந்தையில் நின்று கத்தினேன்.

எல்லோரும் ஏரம்பரைப் பார்த்தார்கள். ஏரம்பருக்கு எழுபத்தெட்டு வயது. ஒழுங்கையில் யார் இறந்தாலும் முன்னின்று என்ன செய்வது, யார் செய்வது, எந்தப் பக்கம் தலை வைப்பது என்றெல்லாம் சொல்பவர் அவர்தான். காற்றில் சால்வை பறந்துபோகாமல் பல்லால் கடித்துக்கொண்டு நின்றவர், சால்வையை விட்டுவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"பிள்ளை சுவர்ணா, பிரேதம் எங்கை கிடந்தது?"

"கூடத்திலை. நீங்கள்தானே அண்ணை தலைமாட்டிலை நிண்டனீங்கள்."

"கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு. மேலை ஏத்தினதோ?"

"இல்லை."

"சீவன் போனது?"

"விறாந்தையிலை."

"அப்ப அதுவும் கீழை. படி உள்ளாலையோ வெளியாலையோ?"

"உதிலைதானே நிக்குது அண்ணை, கண்ணுக்கு முன்னாலை!"

"வெளியாலை" என்று தானே குறித்துக்கொண்டார். ஆனாலும் அவருக்கு ஏதோ குறைந்தது. கூரை ஒன்றே, அத்திவாரம் ஒன்றே என்று முணுமுணுத்தார். தண்ணீர் கணுக்காலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கிருஷாந் சொன்னான்:

"ஏரம்பையா, மேலுக்கு வேறை மீற்றர்."

எல்லோரும் பக்கச் சுவரைப் பார்த்தார்கள். எங்கள் சுவரில் இரண்டு கரண்ட் மீற்றர்கள் உண்டு. மேல்வீட்டை ஒருகாலம் வாடகைக்கு விடலாமென்று யாரோ சொன்னதைக் கேட்டு என் கணவர் எடுத்த இணைப்பு. புயல் வரும்போது வாடகைக்காரன் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வதென்று பிறகு விடவே இல்லை.

"பில்லும் வேறையோ?" என்றார் ஏரம்பர்.

"வேறைதான் வாறது" என்றேன்.

"அப்ப அது வேறை வீடு."

இருபத்துமூன்று பேரும் ஒரேயடியாக மூச்சு விட்டது காற்றையும் மீறிக் கேட்டது. படலை திறந்தது. ஏரம்பர் கையை உயர்த்தினார்.

"ஆனால் ஒண்டு. துடக்குக்காரர் மேலை வரப்படாது. வந்தால் பேந்து எல்லாம் ஒண்டாப்போம்."

துடக்குக்காரர் என்று பன்மையில் சொன்னாலும் அங்கே ஒருத்திதான் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. இரத்தினமக்கா மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஓரடி பின்னே வைத்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்து நின்றாள். நான் யோசிக்க நேரம் எடுத்தால் அவள் இன்னும் ஓரடி வைத்துவிடுவாள் என்று பட்டது.

"நான் கீழை நிக்கிறன். நீங்கள் ஏறுங்கோ."

"அன்ரி தனியக் கீழையோ?" என்றான் கிருஷாந்.

"சாமி, பேசாமல் கதிரையைத் தூக்கு" என்றாள் தாய்.

தனுசியாவைக் கதிரையில் இருத்தி இரண்டு சாமிமார் தூக்கினார்கள். அவள் காவலுக்கென்று ஒரு கையில் வேப்பங்கொத்தும் மறுகையில் பாக்குவெட்டியும் வைத்திருந்தாள். கீழ்வீட்டைக் கண்ணால் காணக்கூடாதென்று இரத்தினமக்கா அவளுடைய முகத்தைத் துவாயால் மூடிக் கட்டியிருந்தாள். கதிரை படியில் எங்கும் முட்டவில்லை. இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சமிருந்தது. ஒழுங்கை முழுவதும் என் தலைக்கு மேலே ஏறிப் போனது. நான் விறாந்தையில் ஒதுங்கி நின்று பார்த்தேன். அவர் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. படியின் கீழே நின்று, கையைக் காட்டி, அவசரப்படாதேங்கோ, எல்லாருக்கும் இடமிருக்கு என்று சொல்லியிருப்பார்.

*

பதினொரு மணிக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அவருடைய படத்தை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். விளக்கையும் வைத்தேன். காற்று அதை உடனே அணைத்தது. அவருக்குப் படைத்திருந்த தேத்தண்ணி மட்டும் கோப்பையோடு கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுக் கவிழ்ந்தது.

மேலேயிருந்து இரத்தினமக்காவின் குரல் வந்தது. "சுவர்ணா! தண்ணி எவ்வளவு?"

"வாசல்படிதான் அக்கா."

அப்போது கணுக்காலளவு. முழங்காலுக்கு வந்தபோது கணுக்கால் என்றேன். தொடைக்கு வந்தபோது முழங்கால் என்றேன். ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டுக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் யாராவது என்னை மேலே கூப்பிடுவார்கள். நான் மேலே போனால் ஏரம்பரின் தீர்ப்புப்படி எல்லாம் ஒன்றாகிவிடும். எல்லாம் ஒன்றாகிவிட்டால் இரத்தினமக்கா மருமகளின் முகத்தில் துவாயைக் கட்டி இந்த மழைக்குள் இறக்கிக்கொண்டு போவாள். அவள் செய்யக்கூடியவள். ஆகவே நான் மேசைமேல் ஏறி நின்றுகொண்டு, முழங்கால் என்று சொன்னேன்.

போன் அடித்தது. கேதீஸ்வரன்.

"மச்சாள், குளக்கட்டு உடைஞ்சிட்டுது. வீட்டுக்குள்ளை தண்ணி. நாங்கள் எல்லாரும் றைக்ரர் பெட்டியிலை ஏறி நிக்கிறம். கோபிகா சுகம், பயப்படாதேங்கோ. உங்கை எப்பிடி?"

"இஞ்சையும் தண்ணிதான்."

"கடலோ?"

"கடல்."

"எங்களுக்கு நல்ல தண்ணி" என்றார். அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. பிறகு சற்றுத் தயங்கி, "உங்கடை அந்த மேல்வீட்டிலை இடமிருக்கோ? நாளைக்கு றோட்டு விட்டால் பெண்டுகளை அங்கை அனுப்பலாமெண்டு…"

"தாராளமா. வேறை மீற்றர்" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது.

போனை வைத்துவிட்டு மேசையிலிருந்து இறங்கி அலுமாரியைப் பிடித்தேன். தண்ணீர் மேசையையே அசைக்கத் தொடங்கியிருந்தது. இடுப்புக்கு மேலே குளிர்ந்தது. அந்தச் சமயத்தில் வெளியே படியில் யாரோ இறங்கும் சத்தம். நின்றது. பிறகு இரத்தினமக்காவின் குரல், மிக அருகில்.

"எடி சுவர்ணா, உந்தப் படி மொத்தம் எத்தினை?"

"பதினெட்டு."

"ஆறு தண்ணிக்குள்ளை கிடக்கு. உன்ரை முழங்கால் எங்கையடி இருக்கு?"

சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் தண்ணீருக்குள் இறங்கி, விறாந்தையைக் கடந்து, பிரேதம் கிடந்த கூடத்துக்குள் வந்துவிட்டாள். அவளுக்கும் இடுப்பளவு. என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுதமுடியாது.

"வாடி மேலை."

"துடக்கு அக்கா."

"நான் இப்ப எங்கை நிக்கிறன்? கோயிலிலையோ?"

"தனுசியாவைக் கொண்டு போயிடுவியள்."

நான் ஏன் மூட்டுக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் சுற்றவரப் பார்த்தாள். தண்ணீரில் கையை அளைந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள்.

"கடல்தானே அக்கா."

"அந்தியேட்டியண்டு எங்கை போய் முழுகிறது?"

"கடலிலை."

"நீ கடலுக்குப் போகேல்லை. அது வந்திட்டுது. தலையைத் தாழ்."

நான் தயங்குவதற்குள் கழுத்தைப் பிடித்து அமுக்கினாள். ஒருமுறை. மூச்சு எடுக்கவிட்டு இன்னொருமுறை. மூன்றாவது முறை தேவைக்கு அதிகமாகவே பிடித்துவைத்திருந்தாள்; மூன்று வருடத்துக்கு முந்தைய வேலிச் சண்டை அவளுக்கு மறந்திருக்கவில்லை என்று தண்ணீருக்குள் நினைத்துக்கொண்டேன். பிறகு தானும் மூன்றுமுறை அமிழ்ந்து எழுந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு அலுமாரிக்கு மேலே கையை நீட்டினாள்.

"உந்த மனிசனையும் எடு. கட்டினவன் ஒருக்கா மேலை வரட்டும்."

படத்தின் மேலும் இரண்டு சொட்டுத் தெளித்தாள்.

மேலே போனபோது கதை நின்றது. சுவரோரம் சாய்ந்து கண்ணை மூடியிருந்த ஏரம்பர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"முழுகினதோ?"

"கடலிலை முழுகினது" என்றாள் இரத்தினமக்கா. "மூண்டுதரம். நான் சாட்சி."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் அந்தக் கேள்வியை எப்போதிருந்து ஆயத்தமாக வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

தனுசியா பாயில் நகர்ந்து இடம் விட்டாள். உலர்ந்த துவாய் ஒன்றைத் தந்தாள், காலையில் அவளுடைய கண்ணைக் கட்டியிருந்த அதே துவாய். தண்ணீர்க் கேன்களில் இரண்டு முடிந்திருந்தன. கிருஷாந் மூன்றாவதைத் திறந்துகொண்டே திரும்பினான்.

"அன்ரி, உந்தத் தண்ணி ஆர் நிரப்பி வைச்சது? ஐயா செத்தாப்பிறகோ, முதலோ?"

நான்தான் நிரப்பினேன், போன வாரம். அவர் செய்கிற வேலை தவறிவிடக்கூடாதென்று. கூடம் முழுவதும் என் வாயைப் பார்த்தது. அதில் பாதிப்பேரின் கையில் கோப்பை இருந்தது.

"சாமி" என்றாள் இரத்தினமக்கா, "சாமிக்குத் தாகமெண்டால் குடிக்கட்டும். இல்லையெண்டால் மற்றாக்களுக்குக் குடுக்கட்டும். கேள்வி கேக்கிறதுக்கோ மாலை போட்டது?"

சாமி குடித்தது.

*

விடிந்தபோது காற்று நின்றிருந்தது. கடல் தன் பக்கத்துக்குப் போய்விட்டது. மேலே நின்று பார்த்தோம். ஒழுங்கை முழுவதும் சேறும் பாசியும். நீர் நிரப்பிய படகுகள் எல்லாம் வைத்த இடத்தில் கிடந்தன. இரத்தினமக்காவின் வீட்டுக்குக் கூரை இல்லை. வலையும் கூரையை விடவில்லை, கூரையும் வலையை விடவில்லை. இரண்டும் ஒன்றாகப் பறந்துபோய் மூன்று வீடு தள்ளிச் சுருண்டு கிடந்தன. தனுசியா படுக்கும் அறைக்குள் முகட்டு மரம் விழுந்து கட்டிலை இரண்டாக்கியிருந்தது. இரத்தினமக்கா அதைப் பார்த்தாள். மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் அறிந்த நாற்பது வருடத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றது அன்றுதான்.

ஏரம்பர் எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இண்டைக்கு எத்தினையாம் நாள்?"

"முப்பது."

"அப்ப நாளைக்கு அந்தியேட்டி. நேற்று முழுகினது அவசரத்துக்கு. அது கணக்கிலை வராது. எல்லாரும் போய்த் தலை முழுகிட்டுத்தான் வீட்டுக்குள்ளை போகவேணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. கடல் போனதும் துடக்குத் திரும்பி வந்துவிட்டது. உலகம் பழையபடி இருந்தது. ஓர் இரவு என் மேல்வீட்டில் இருபத்துமூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். அது கணக்கில் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது யாரும் 'போட்டு வாறன்' என்று சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாகச் சொல்வதுபோல. பேசாமல் எழுந்து, திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும். இருபத்தொன்பது நாளாக என் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அப்படித்தான் போனார்கள். நல்ல பழக்கவழக்கம் உள்ள மனிதர்கள். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று எழுந்து இல்லாமல் போவார்கள். வீடு ஒவ்வொரு முறையும் இரண்டாந்தரம் காலியாகும். அன்று காலையும் அப்படியே. ஏரம்பர் போனார். சாமிமார் போனார்கள். பைகள் போயின. படி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாகத் தனுசியா. இரத்தினமக்கா மறுபடி அவளுடைய முகத்தில் துவாயைப் போட்டு, கையைப் பிடித்து இறக்கினாள். நாலு படி இறங்கியதும் அவள் நின்றாள். துவாயை மேலே தூக்கினாள். திரும்பி, என் முகத்தை நேரே பார்த்துச் சொன்னாள்:

"அன்ரி, போட்டு வாறன்."

இரத்தினமக்கா தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். "எடி மூதேவி! என்ன சொல்லு சொல்லிப்போட்டாய்!" பிறகு மேலே நின்ற என்னைப் பார்த்து, கெஞ்சுவதுபோல, "சுவர்ணா, சின்னப்பிள்ளை. தெரியாமல் சொல்லிப்போட்டாள். நீ ஒண்டும் நினையாதை" என்றாள்.

"தெரியாமல்தான் அக்கா" என்றேன். "பாத்து இறங்குங்கோ. படி வழுக்கும்."

தனுசியா இங்கேயே, பக்கத்துப் புலோலியில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தாறு வயதுக்குள் நாற்பது செத்தவீட்டுக்காவது போய் வந்திருப்பாள்.